பென்னாகரத்தில் ஏற்றிய கொசுவத்தி

தருமபுரிக்கு அனுப்பப்படுவதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, நான் தமிழன் என்பதுதான். பினாங்கில் பிறந்து, பினாங்கில் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் விரிவுரையாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் சில மாத ஆராய்ச்சிக்காகப் பெங்களூருக்கு வந்திருந்தேன். எனக்கு உயிருள்ள பட்டுப்புழுக் கூடுகள் வேண்டும் என்றதும், இடம் கொடுத்த பேராசிரியர் யோசித்தார். "பக்கத்திலேயே பட்டு வளர்க்கிற ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் உங்களுக்குத்தான் கன்னடம் வராதே. தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுங்கள், பேச்சுக்காவது கஷ்டம் இருக்காது" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போய்ச் சேர்ந்த வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசினார்கள்.

பட்டுப்புழு எதற்கு என்று கேட்பீர்கள். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்த கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றினால், புழு சாவதில்லை, பாக்டீரியாதான் சாகிறது. புழுவின் ரத்தத்தில் ஒரு பெப்டைடு ஊறிவிடுகிறது. பெப்டைடு என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த ஒரு குட்டைச் சரம், அவ்வளவுதான். அது பாக்டீரியாவின் மேல்சவ்வில் போய் ஒட்டும், திருகிக்கொண்டு உள்ளே இறங்கும், சவ்வு ஓட்டையாகும், பாக்டீரியா கசிந்து செத்துப்போகும். பூச்சியின் சொந்த உயிரணுக்களை மட்டும் அது தொடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு நானும் பினாங்கில் உட்கார்ந்து, கையாலேயே ஒவ்வொரு மணியாகக் கோத்து, சொந்தமாக ஒரு பெப்டைடு செய்தேன். இயற்கையைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்வோமே என்று, கொழுப்பில் கரைகிற அமினோ அமிலங்களை இரண்டு மடங்கு சேர்த்தேன். குழம்பில் எண்ணெய் மிதந்தால்தான் ருசி என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. என் பெப்டைடு பாக்டீரியாவை வெளுத்து வாங்கியது. அதே வேகத்தில் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களையும் உடைத்துத் தள்ளியது. நோயைக் கொன்று நோயாளியையும் கொல்கிற மருந்துக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர் கிடையாது. பூச்சி எப்படி ஆள் பார்த்து அடிக்கிறது என்று பூச்சியிடமே கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

தருமபுரி ரயில் நிலையத்தில் என்னை அழைக்க வந்திருந்தவர் பாஷா பாய். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். பேராசிரியருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். வாட்டசாட்டமான மனிதர், சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். "மலேசியா சார்தானே? சட்டையப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். என் சட்டையில் தென்னை மரங்களும் கப்பல்களும் இருந்தன. நேராகப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

பட்டறை வாசலில் ஒரு நாற்றம் வந்து என் கழுத்தைப் பிடித்தது. பினாங்கில் பெலாச்சான் என்கிற இறால் விழுது காய்கிற தெருவில் வளர்ந்தவன் நான்; நாற்றத்துக்கெல்லாம் அஞ்சுகிற ஆள் இல்லை. ஆனாலும் இது வேறு ஜாதி. உள்ளே கொதிக்கிற தொட்டிகளில் கூடுகள் மிதந்தன. பெண்கள் நூல் நுனியைப் பிடித்து ராட்டைக்கு ஏற்றினார்கள். நூல் முழுக்க உருவியபின் மிஞ்சிய புழுக்கள் ஒரு மூலையில் குவியலாக, வெந்து பழுப்பேறிக் கிடந்தன.

"எத்தனை வேணும் சார்? சாக்குல கட்டித் தர்றேன். கோழிக்குப் போடுறவங்க வந்து அள்ளிட்டுப் போவாங்க, அதுக்கு முன்னாடி எடுத்துக்குங்க."

"உயிரோடு வேண்டும், பாய்" என்றேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பாஷா பாயின் வயிறு குலுங்கியது. "உசுரோட விட்டா அது பூச்சியா மாறி கூட்டைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடும் சார். அப்புறம் நூல் ஏது? இங்க வந்த பொறவு எல்லாம் சாவுதான். உசுரு வேணும்னா வளக்குறவங்க வூட்டுக்குத்தான் போவணும்." இதைக் கேட்கவா கடல் தாண்டி வந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டு நூல் எப்படி வருகிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.

மறுநாள் பென்னாகரம் பஸ்ஸில் ஏறினோம். என் மடியில் கண்ணாடி ஊசிகளும் சோதனைக்குழாய்களும் இருந்த பெட்டி. ஒரு குலுக்கலில் மூடி திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி ஊசிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றுகொண்டார். முன்சீட்டுக்காரர் ஒருவரும் எழுந்துபோனார். கூட்டமான பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் காலியிடம். பின்னால் யாரோ தெலுங்கில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பாஷா பாய் என் காதில் மொழிபெயர்த்தார்: "குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கீங்களாம். ஆம்பளைங்க எல்லாம் உஷாரா இருக்கணுமாம்."

பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தபோதும் என் பக்கத்தில் யாரும் வரவில்லை. அங்கேதான் பாஷா பாய் நாகம்மாவைப் பற்றிச் சொன்னார். மார்க்கெட்டுக்கு வருகிற கூடுகளில் நாகம்மா வீட்டுக் கூடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏலம் எடுக்கலாம் என்ற பெயர் ஒரு காலத்தில் இருந்ததாம். ஆனால் போன இரண்டு தடவையும் நோய் விழுந்து புழு மொத்தமும் செத்துவிட்டது.

"வூட்டுக்காரரு மாதையன், பாலக்கோடு மில்லுக்குக் கரும்பு போடலாம், மல்பெரியத் தோண்டி எறின்னு நிக்கிறாரு. இந்தம்மா விடமாட்டேங்குது. கடைசீல ஒரு பேச்சுக்கு வந்திருக்காங்க. இந்தத் தடவை கூடு கட்டுச்சின்னா மல்பெரி இருக்கும். கட்டலைன்னா கரும்பு. நடுறதுக்குக் கரும்புக் கரணைகூட வாங்கி வச்சிட்டாரு. இப்ப புழு கடைசித் தீனியில இருக்கு சார். அஞ்சாறு நாள்ல கூடு கட்டும். பாத்து நடந்துக்குங்க."

"நான் கிருமி ஆராய்ச்சி செய்கிறவன், பாய். சுத்தத்தைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்?" என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன்!

நாகம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிய தொட்டி ஒன்று இருந்தது. அதில் காலை நனைக்காமல் யாரும் படி ஏற முடியாது. என்னை அதோடு விடவில்லை. "பையத் தொறங்க சார்" என்றார். திறந்தேன். விமான நிலையத்தில்கூட என்னை இப்படிச் சோதித்ததில்லை. முகப்பவுடர் வெளியே வந்தது. தலைக்கு வைக்கிற எண்ணெய், சிகரெட், இவர்களுக்கே கொடுக்கலாம் என்று வாங்கி வந்த வெளிநாட்டுத் தைலம், எல்லாம் வெளியே. கடைசியாக என் உயிருக்கு உயிரான சம்பல் பெலாச்சான், அதாவது இறால் விழுது சேர்த்து அரைத்த மிளகாய்ச் சட்னி பாட்டில். நாகம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று மாதையனைக் கேட்டேன். அவர் வேலியோரம் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். பீடி வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும்தான்.

"வாசனை ஜாஸ்தியா இருக்குதாம்" என்றார் மாதையன் சுருக்கமாக. பாஷா பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அசல் அவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது என்று தெரிந்தது.

"புழுவுக்கு எந்த வாசமும் ஆவாதுங்க" என்று நாகம்மாவே தமிழில் விளக்கினார். "கூடு கட்டுற வரைக்கும் இந்த வூட்டுல ஒரு கடுகு வெடிக்காது. மொளகா வறுக்கறதில்ல. ஊதுவத்தி இல்ல, சாமிக்குக்கூட சும்மா கும்புடுதான். நீங்களும் இருக்குறதா இருந்தா இப்பிடித்தான் இருக்கணும்."

நான் பெரிய மனதோடு எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். அத்தோடு நிற்காமல், கைகளை முழங்கை வரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரப்பர் கையுறை மாட்டி, வாய்க்கு முகமூடியும் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். பாக்டீரியா ஒன்றுகூட என்னிடமிருந்து தப்பித்துப் போக முடியாது. நாகம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்பிரிட்டும் நாறுதுங்க. அதையும் கழுவிட்டு வாங்க" என்றார்.

என் பையின் அடியில், வேட்டிக்குள் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொசுவத்திச் சுருள் இருந்தது. என் மனைவி வைத்து அனுப்பியது. "அங்க கொசு கடிச்சா மலேரியாதான். சாயங்காலமானா கண்டிப்பா ஏத்துங்க" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். நான் அதை மறைக்கவில்லை. கொசுவத்தி என்பது பினாங்கில் சாப்பாட்டு மேசைக்கு அடியில், கோப்பிக் கடையில், கோயிலில், பிரசவ வார்டில்கூட எரிகிற சாமான். அது ஒரு வாசனைப் பொருள் என்றோ, மருந்து என்றோ, விஷம் என்றோ என் புத்தியில் பதிந்ததேயில்லை.

பாஷா பாய் என்னை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். எனக்குக் கொடுத்த இடம் தானிய மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. அடுத்த அறையில் புழுக்கள். நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. புழு அறையைக் கதவிடுக்கு வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி. மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் தழையைத் தின்றுகொண்டிருந்தன. ஜன்னல்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு நைலான் வலை. ஊஜி ஈ என்று ஒன்று உண்டாம், புழுவின் மேல் முட்டையிட்டுவிடும். அது நுழையாமலிருக்க வீட்டையே வலைக்குள் வைத்திருந்தார்கள்.

"அடேயப்பா, எவ்வளவு புழு!" என்றேன்.

நாகம்மா என்னை முறைத்தார். மாதையன் மெதுவாக, "அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க, கண்ணு பட்டுடும். ரொம்பக் கொஞ்சம்னு சொல்லுங்க" என்றார்.

"ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கிறது" என்றேன். நாகம்மாவின் முகம் தெளிந்தது.

சாப்பாடு ராகிக் களியும், தாளிக்காத அவரைக்கொட்டைக் குழம்பும். நான் களியை மென்றேன். மென்றேன், மென்றேன், அது வாய்க்குள் வளர்ந்துகொண்டே போனது. மாதையன் பரிதாபப்பட்டு, "கடிக்கக் கூடாதுங்க. உருட்டிக் கொழம்புல தோய்ச்சு முழுங்கிடணும்" என்றார். முழுங்கினேன். நெஞ்சில் நின்றது. ரொட்டி சானாயும் மீன்கறியும் கண்முன்னே வந்துபோயின. நாகம்மா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்.

எச்சில் விரலால் தரையில் தண்ணீர்க் கோடு போட்டு விளக்கினேன். உயிரணுவுக்கு மேலே மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறது, அதுதான் சவ்வு. பாக்டீரியாவின் தோலுக்கு வெளிப்பக்கம் எதிர்மின்சாரம், பெப்டைடுக்கு நேர்மின்சாரம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நம்முடைய உயிரணுத் தோலுக்கு வெளியே அப்படி மின்சாரம் கிடையாது, அதனால் நல்ல பெப்டைடு அதைச் சட்டை செய்யாமல் போய்விடும். மின்சாரம் என்றதும் மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மோட்டார் பம்புக்குக் கரண்ட் வந்து பல நாளாகியிருந்தது.

"நீங்க செஞ்ச மருந்து?" என்றார் நாகம்மா.

"அது எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது" என்றேன்.

"அப்ப அதுக்கு ஆளு தெரியலீங்க" என்றார். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவுரை பதினைந்து பக்கம். அதிலும் இதைத்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். நாகம்மா தோட்டத்தில் தழை வெட்டிக்கொண்டிருந்தார். மாதையன் வேலியோரம் தன் கரும்புக் கரணைக் கட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பென்னாகரத்துக் கொசு, புது ரத்தம் வந்த சேதி தெரிந்து கூட்டமாக வந்திருந்தது. எனக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. சுருளைப் பிரித்து, தகரத்தில் மாட்டி, ஏற்றி, மூட்டைமேல் வைத்தேன். புகை ஒழுங்காக மேலே போனது. அப்பாடா என்று சாய்ந்தேன். மேலே போன புகை எங்கே போகிறது என்று பார்க்கிற அறிவு எனக்கு இல்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. தழைக்கட்டோடு நாகம்மா வாசலுக்கு வந்த ஓசை கேட்டது. அப்புறம் கட்டு தொப்பென்று கீழே விழுகிற ஓசை. அப்புறம் ஒரு கூச்சல். அந்தக் கூச்சலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஏதோ விபத்து என்று நினைத்து, உதவி செய்கிற அவசரத்தில், எரிகிற கொசுவத்தியைக் கையில் தூக்கிக்கொண்டே, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டபடி நடுக்கூடத்துக்கு ஓடிவந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

நாகம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக் கழுநீர்ப் பானைக்குள் அமுக்கினார். புழு அறைக் கதவைத் திறந்தார். நடுச்சுவரை ஒட்டிய தட்டுகளில் புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. சில புழுக்கள் பச்சையாகக் கக்கிக்கொண்டு துடித்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொசுவைக் கொல்கிற புகைக்குப் பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது, பூச்சிகள் எல்லாம் சாகும். ஐயோ, நான் ஆயுள் முழுக்கப் படித்தது இதைத்தானே!

ஜன்னலைத் திறந்து புகையை விரட்டலாம் என்றால், ஜன்னல் எல்லாம் வலை. ஈயை வெளியே நிறுத்திய வலை புகையை உள்ளே நிறுத்தியது. நாகம்மா வலையைக் கிழிக்கப் போனார். அதற்குள் மேலே தடதடவென்று சத்தம். மாதையன் கூரைமேல் ஏறியிருந்தார். ஓடுகளைக் கை நிறைய அள்ளி முற்றத்தில் வீசினார். ஓடு விழுந்து உடைகிற சத்தத்தில் தெருவே திரண்டது. கூரையில் பெரிய ஓட்டை விழுந்து வானம் தெரிந்தது. புகை அந்த வழியாக ஏறியது.

ஓடிவந்த பெண்கள் பதறிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனாலும் அத்தனை பேரும் வாசலில் நின்று, சுண்ணாம்புத் தொட்டியில் காலை வைத்து, கையைக் கழுவி, அப்புறம்தான் உள்ளே போனார்கள். ஒருத்திகூட அதைத் தாண்டவில்லை. கழுவாமல் உள்ளே பாய்ந்த ஒரே ஆள் கிருமி ஆராய்ச்சிக்காரனான நான்தான். ஒரு அம்மாள் என் சட்டைக் காலரைப் பிடித்து, கப்பல்களோடும் தென்னை மரங்களோடும் வெளியே தள்ளினார். நல்லா வேணும் எனக்கு.

தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வேப்பமரத்தடியில் காற்றுப்பட வைத்தார்கள். மாதையன் கூரையிலிருந்து இறங்கி, முட்டியில் ரத்தம் வழிய, கனமான தட்டுகளைத் தானே தூக்கிப்போனார். நான் கிணற்றடிக்குத் துரத்தப்பட்டேன். குளித்து, துணிகளை எல்லாம் துவைத்து, மாதையனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம், பீடி பிடிக்கிற இடத்தில் உட்காரவைக்கப்பட்டேன். மிச்சக் கொசுவத்தி எருக்குழிக்குள் போயிற்று. அன்றைக்குக் கொசுக்களுக்கு என் உடம்பில் கல்யாண விருந்து. ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை. அடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

விடிந்ததும் நாகம்மா புதுத் தழையை நறுக்கித் தட்டுகளில் போட்டார். "தின்னுச்சின்னா பொழச்சுது. தின்னலைன்னா அவ்ளோதான்" என்றார் யாரையும் பார்க்காமல். சுவரோரத்து வரிசைப் புழுக்கள் பெரும்பாலும் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அவற்றை ஒரு கூடையில் கொட்டிக்கொண்டு போனார்கள். மற்றத் தட்டுகளில் தழை போட்டபடியே கிடந்தது. நாகம்மா குந்தி உட்கார்ந்து ஒரு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதையன் அவருக்குப் பின்னால் நின்றார். நான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பினாங்கில் எங்கள் தெருமுனைச் சீனக்கோயில் சாமியைக்கூட விடவில்லை.

நாகம்மா கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாதையன் என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். "தின்னுதுங்க!" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொசு கடித்து வீங்கிய முகத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் என்னை ஊருக்கு விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. "வேலைக்கு ஆளு கொறையுது, தழை சொமக்கட்டும்" என்று நாகம்மா தீர்ப்புச் சொன்னார். சுமந்தேன். முதுகு பிய்ந்துபோனது. தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கொசுவத்தி சார், கொசுவத்தி சார்" என்று கூவினார்கள். பெரியவர்களும் வாய்க்குள் அப்படித்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

சில நாளில் புழுக்கள் மஞ்சள் பாரித்துத் தின்பதை நிறுத்தின. எனக்குப் பக்கென்றது. "பழுத்துடுச்சிங்க, கூடு கட்டப் போவுது" என்று மாதையன்தான் தேற்றினார். அவற்றைப் பொறுக்கி, மூங்கில் பட்டை வளையம் வளையமாகச் சுற்றிய சந்திரிகை என்கிற பெரிய தட்டில் விட்டார்கள். எனக்கும் பொறுக்க அனுமதி கிடைத்தது, காலைக் கழுவியபிறகு. புழுக்கள் தலையைச் சுழற்றிச் சுழற்றி நூலை விட்டன. இரண்டு நாளில் சந்திரிகை முழுக்க வெள்ளைக் கூடுகள்.

"எப்படி இருக்குதுங்க?" என்றார் நாகம்மா.

"ரொம்பக் கொஞ்சம்" என்றேன். முதல்முறையாக என்னைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சுவரோரத்து வரிசையில் தப்பிப் பிழைத்த கொஞ்சம் புழுக்களும் கூடு கட்டியிருந்தன. ஆனால் விரலால் அமுக்கினால் உள்ளே போகிற மெல்லிசுக் கூடுகள். நூலுக்கு ஆகாது, மார்க்கெட்டில் யாரும் தொடமாட்டார்கள். நாகம்மா அவற்றைத் தனியாக ஒரு கூடையில் போட்டு, இலை பரப்பி, என்னிடம் கொடுத்தார். "ஒங்களுக்கு உள்ளார இருக்குற புழுதான வேணும்? இது உங்க கொசுவத்திக்குத் தப்பிச்சதுங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

பறிமுதல் செய்த பொருள்களும் திரும்ப வந்தன. பவுடர், எண்ணெய், சிகரெட், தைலம். சம்பல் பாட்டில் மட்டும் கழுவித் துடைத்து, காலியாக வந்தது. நாகம்மா தன் புருஷனைப் பார்த்தார். மாதையன் வானத்தைப் பார்த்தார். சில நாளாகவே அவர் மட்டும் களியைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் தின்ற காரணம் எல்லோருக்கும் விளங்கியது.

கிளம்புகிற அன்று மாதையன் கூடையைச் சுமந்துகொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தார். முட்டியில் இன்னும் கட்டு இருந்தது. எனக்கு மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். "உங்களுக்குக் கரும்பு போடத்தானே ஆசை? அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலே புழு செத்திருக்கும். பழியும் என்மேல்தான் விழுந்திருக்கும். நீங்கள் எதற்குக் கூரையைப் பிரித்தீர்கள்?"

மாதையன் பீடியைப் பற்றவைத்தார். "கரும்பு போடணும்தாங்க. இன்னைக்கும் அதான் சொல்றன். ஆனா அவகிட்ட பேசி நான் ஜெயிக்கணும். கொசுவத்தி வந்து ஜெயிச்சுக் குடுத்தா, அது என்னாங்க ஜெயிப்பு?" என்றார். பஸ் வந்துவிட்டது. என் மடியில் இப்போது ஊசிப்பெட்டியோடு கூடையும் இருந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பெங்களூரில் கூடுகளை வெட்டி, புழுக்களை எடுத்து, செத்த பாக்டீரியாவை ஊசியால் ஏற்றி, காத்திருந்து ரத்தம் எடுத்தேன். கொதிக்கவைத்தால் மற்றப் புரதங்கள் திரிந்து அடியில் தங்கிவிடும். இந்தப் பெப்டைடு மட்டும் கொதிநீரையும் தாங்கித் தெளிவில் நிற்கும். அந்தத் தெளிவில் ஒரு துளியை ஒரு குழாயிலும், என் சொந்தச் சரக்கை இன்னொரு குழாயிலும் விட்டு, இரண்டிலும் சிவப்பணுக்களைச் சேர்த்தேன். என் குழாய் முழுக்க ரத்தச் சிவப்பு, அணு ஒன்றுகூட மிச்சமில்லை. புழுவின் குழாயில் சிவப்பணுக்கள் அலுங்காமல் அடியில் உட்கார்ந்திருக்க, மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. பாக்டீரியாவை வளர்த்த தட்டிலோ புழுவின் துளி விட்ட இடத்தில் வட்டமாகச் சுத்தம். என் குழாயின்மேல் "கொசுவத்தி" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. மலேசியாவில் ஏதோ பெரிய பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

நான் நாடு திரும்புவதற்கு முன்பு, நூல் விற்கப் பெங்களூருக்கு வந்த பாஷா பாய் என்னைப் பார்க்க வந்தார். குழாயைக் காட்டுவதற்கு முன்னே நான் நாகம்மா வீட்டுச் சேதியைத்தான் கேட்டேன். மல்பெரி இருக்கிறதா, தோண்டிவிட்டார்களா?

"அடுத்த தடவைக்குப் புழு முட்டை அட்டை வாங்கியாச்சு சார்" என்றார் பாஷா பாய், வயிறு குலுங்க. "மாதையன் கரும்பு கரும்புன்னு இன்னும் கத்திக்கிட்டுதான் இருக்காரு. கத்திக்கிட்டேதான் தழை வெட்டிப் போடுறாரு."